பல நாடுகள் ஒரே நாணயத்தைப் பகிர்ந்துகொள்வதில் என்ன சிக்கல்?

ஒரே நாணயம் இருந்தால் பணம் மாற்றும் செலவு மிச்சமாகிறது, எல்லை தாண்டிய வணிகம் எளிதாகிறது; அப்படியிருந்தும் யூரோ நாடுகள் ஏன் அவ்வளவு பெரிய நெருக்கடியில் சிக்கின என்று கேட்டிருக்கிறீர்கள். நாணயத்தை ஒன்றாக்கிய நாடுகள் வரவுசெலவையும் கடனையும் வங்கிப் பாதுகாப்பையும் தனித்தனியாகவே வைத்துக்கொண்டன என்பதுதான் என் பதில். நல்ல காலத்தில் இந்தப் பொருத்தமின்மை யார் கண்ணிலும் படவில்லை. கெட்ட காலம் வந்தபோது அதன் சுமை முழுவதும் ஊதியக்காரர்கள் மீதும் ஓய்வூதியக்காரர்கள் மீதும் இறங்கியது.

சொந்த நாணயம் உள்ள நாட்டில் விலைவாசியும் ஊதியமும் ஏறி, அந்நாட்டுப் பொருள்கள் வெளிநாட்டில் விலை போகாமல் தேங்கினால், நாணயத்தின் மதிப்பு இறங்குகிறது. ஏற்றுமதி மலிவாகிறது, இறக்குமதி விலை ஏறுகிறது, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாக ஏழையாகி நிலைமை சமன்படுகிறது. அது வலியில்லாத வழி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யூரோவில் சேர்ந்த நாட்டுக்கு அந்த வழியே கிடையாது. மாற்று விகிதம் இறங்க முடியாதபோது ஊதியத்தைத்தான் இறக்க வேண்டும், அதையும் சட்டம் போட்டு, ஆள்குறைப்புச் செய்து, ஆண்டுக்கணக்கில் இறக்க வேண்டும்.

கிரீஸில் நடந்தது இதுதான். தன் பழைய நாணயமான டிராக்மா 340.75க்கு ஒரு யூரோ என்ற விகிதத்தில் அந்நாடு 2001இல் யூரோவில் சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் மிகக் கடுமையான வட்டி கொடுத்துக் கடன் வாங்கிக்கொண்டிருந்த கிரீஸ் அரசு, யூரோவுக்குள் வந்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஜெர்மனி கொடுக்கும் வட்டிக்கே கடன் வாங்கத் தொடங்கியது. நாணயம் ஒன்றாகிவிட்டதால் திருப்பிக் கொடுக்கும் திறனும் ஒன்றாகிவிட்டது என்று சந்தை எண்ணிக்கொண்டது. 2009 அக்டோபரில் பதவியேற்ற புதிய அரசு, வரவுசெலவுப் பற்றாக்குறை முன்பு சொன்னதைவிடப் பல மடங்கு அதிகம் என்று வெளிப்படுத்தியது. இறுதிக் கணக்கில் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2010 மே மாதத்தில் 110 பில்லியன் யூரோ மீட்புக் கடன் வந்தது, அதனுடன் நிபந்தனைகளும் வந்தன. 2012 பிப்ரவரியில் மாதக் குறைந்தபட்ச ஊதியத்தை 751 யூரோவிலிருந்து 586 யூரோவாகக் குறைத்தார்கள். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெட்டு இன்னும் ஆழமாக விழுந்தது. ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆணையில் போய்விடுகிறது. வாங்கிய வீட்டுக் கடன் மட்டும் அதே யூரோவில் அப்படியே நிற்கிறது. நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது, இளைஞர்களிடையே 60 சதவீதத்தை நெருங்கியது. அமைதிக் காலத்தில் ஒரு வளர்ந்த நாடு இப்படிச் சரிந்ததை நம் தலைமுறை வேறெங்கும் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் கிரேக்கர்களின் ஊதாரித்தனமே காரணம் என்று அப்போது பலரும் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். கிரீஸ் அரசு கணக்கை மறைத்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டு ஸ்பெயினையும் அயர்லாந்தையும் புரிந்துகொள்ளவே முடியாது. 2007இல் இரண்டு அரசுகளுமே பற்றாக்குறை இல்லாமல் நடந்தன. ஸ்பெயினின் அரசுக் கடன் உற்பத்தியில் 36 சதவீதம் அளவிலும், அயர்லாந்தின் கடன் 25 சதவீதம் அளவிலும் இருந்தன. பற்றாக்குறை 3 சதவீதத்தையும் கடன் 60 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்ற, யூரோவுக்கு அடித்தளமிட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்த விதிப்படி பார்த்தால், கடன் 60 சதவீதத்துக்கு மேல் இருந்த ஜெர்மனியைவிட இவ்விரு நாடுகளும் ஒழுங்கானவை. அதே ஜெர்மனியும் பிரான்ஸும் பற்றாக்குறை வரம்பை மீறியபோது, 2003 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நிதியமைச்சர்கள் கூடி அவற்றின் மீதான நடவடிக்கையை நிறுத்திவைத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஸ்பெயினையும் அயர்லாந்தையும் கவிழ்த்தது எல்லாருக்கும் ஒரே வட்டி என்ற ஏற்பாடு. 2003 ஜூன் முதல் 2005 டிசம்பர் வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2 சதவீதம். தேங்கிக் கிடந்த ஜெர்மனிக்கு அது பொருத்தமாக இருந்திருக்கலாம். விலைவாசி வேகமாக ஏறிக்கொண்டிருந்த ஸ்பெயினிலும் அயர்லாந்திலும், பணவீக்கத்தைக் கழித்தால் அது வட்டியே இல்லாத கடன். வீடு கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டே போனார்கள், வங்கிகள் கொடுத்துக்கொண்டே போயின. சொந்த மத்திய வங்கிக்கு அதிகாரம் இருந்திருந்தால் வட்டியை உயர்த்தி அந்தப் பெருக்கத்தைத் தணித்திருக்கும். 2008 செப்டம்பரில் அயர்லாந்து அரசு தன் வங்கிகளின் கடன்களுக்கு உத்தரவாதம் அளித்தது. தனியாரின் நட்டம் அரசின் கடனாக மாறி, 2010இல் பற்றாக்குறை உற்பத்தியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. இந்தச் சிக்கல் பழங்கதையும் அல்ல. 2022 ஆகஸ்டில் பணவீக்கம் எஸ்டோனியாவில் 25 சதவீதத்தை எட்டியபோது பிரான்ஸில் 7 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. இரண்டுக்கும் பிராங்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கி வைத்தது ஒரே வட்டிதான்.

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்த காலத்தில் திருப்பூர் ஏற்றுமதியாளர்களின் யூரோ பில்கள் என் மேசைக்கு வரும். ஹாம்பர்க்கிலிருந்து வந்தாலும் ஆதென்ஸிலிருந்து வந்தாலும் அன்றைய யூரோ விகிதம் ஒன்றே. ஆனால் 2010க்குப் பிறகு ஆதென்ஸ் வங்கி திறந்த எல்.சி.யை, அதாவது வாங்குபவர் சார்பில் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதத்தை, அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயங்கினோம். வேறு நாட்டு வங்கி ஒன்று அதை உறுதிசெய்து கொடுத்தால்தான் சரக்கை அனுப்பச் சொல்வோம், அந்த உறுதிக்கான கட்டணமும் மாதத்துக்கு மாதம் ஏறியது. ஜெர்மன் வங்கியின் எல்.சி.க்கு அப்படி யாரும் கேட்கவில்லை. தாளில் அச்சிட்டிருக்கும் நாணயம் ஒன்றாக இருந்தாலும், அது எந்த நாட்டு வங்கியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறத் தொடங்கிவிட்டது. சைப்ரஸில் 2013 மார்ச்சில் அது வெளிப்படையாகவே நடந்தது: வங்கிகளை ஏறக்குறைய இரண்டு வாரம் மூடினார்கள், பிறகு திறந்தபோது ஒருவர் ஒரு நாளில் 300 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்றார்கள். 2015 ஜூன் இறுதியில் கிரீஸில் அந்த வரம்பு 60 யூரோ. வாழ்நாள் சேமிப்பு வங்கியில் இருந்தும் ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்ற முதியவர்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் பொருளாதார விவாதமாகத் தோன்றாது.

இந்தியாவிலும் மாநிலங்கள் பல, ரூபாய் ஒன்று. இங்கே ஏன் இப்படி நடப்பதில்லை என்று கேட்கலாம். ஒரு மாநிலத்தில் தொழில் சுருங்கினால் அங்கிருந்து மத்திய அரசுக்குப் போகும் வரி தானாகக் குறைகிறது; நிதிக்குழுப் பங்கீடும் மத்தியத் திட்டங்களின் பணமும் தொடர்ந்து வருகின்றன; பீகாரிலும் ஒடிசாவிலும் வேலை இல்லாதவர் திருப்பூருக்கு ரயில் ஏறுகிறார். தமிழ்நாடு கொடுக்கும் வரியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்ற நியாயமான சண்டை இருக்கிறது, ஆனால் அந்தச் சண்டை நடப்பதற்கே ஒரு பொதுக் கருவூலம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரவுசெலவு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதம். வேலை தேடிப் போகும் கிரேக்கருக்கு மொழியும் தடை. ஒரே நாணயம் எந்தப் பரப்புக்குப் பொருந்தும் என்று 1961இலேயே ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டெல், ஆட்கள் தடையின்றி இடம்பெயர முடிவதையே முதன்மையான நிபந்தனையாக வைத்தார்.

நம் ரூபாயே ஒருகாலத்தில் பல நாடுகளின் நாணயமாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய், ஓமன் ஆகிய இடங்களில் இந்திய ரூபாய்தான் புழங்கியது. தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959இல் ரிசர்வ் வங்கி அந்தப் பகுதிக்கென்று வேறு நிறத்தில் தனித் தாள்களை அச்சிட்டது. மதிப்பு அதேதான். குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் விலகிக்கொண்டன. 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் தேவைக்காக ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாயானது. அதில் துபாய் வணிகருக்கோ கத்தார் முத்து வியாபாரிக்கோ எந்தக் கருத்தும் கேட்கப்படவில்லை, ஆனால் அவர்கள் கையிலிருந்த ரூபாயின் வெளிமதிப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கத்தாரும் துபாயும் அந்த ஆண்டே ரூபாயைக் கைவிட்டன. கிரீஸுக்குத் தன் நாணயத்தின் மதிப்பைக் குறைக்க முடியாதது துன்பம் என்றால், வளைகுடா நாடுகளுக்கு வேறொருவர் குறைத்தது துன்பம். முடிவெடுக்கும் இடம் வெளியே இருக்கிறது என்பது இரண்டுக்கும் பொது.

அப்படியானால் யூரோவைக் கலைத்துவிட வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. வெளியேறும் நாடு புதிய நாணயத்தை வெளியிட்ட நாளிலேயே அதன் மதிப்பு சரியும். கடன்கள் யூரோவிலேயே நிற்கும். செய்தி கசிந்த மறுநிமிடம் வங்கிகள் காலியாகும். 2015 ஜூலையில் மீட்புக் கடன் நிபந்தனைகளுக்கு எதிராக, வாக்களித்தவர்களில் 61 சதவீதம் பேர் முடிவு சொன்ன பிறகும் கிரீஸ் அரசு யூரோவிலேயே இருக்க முடிவு செய்ததற்கு இந்த அச்சமே காரணம். மாறாக, 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவர் மாரியோ திராகி யூரோவைக் காக்கத் தேவையான எதையும் செய்வோம் என்று அறிவித்தபோது, அதற்கென வகுத்த திட்டத்தில் ஒரு பத்திரம்கூட வாங்காமலேயே இத்தாலி, ஸ்பெயின் கடன் பத்திரங்களின் வட்டி இறங்கியது. பொதுப் பொறுப்பு என்ற உறுதி ஒன்றே அவ்வளவு செய்யும். அதை 2010லேயே கொடுத்திருக்கலாம் என்பது என் தீராத ஆதங்கம்.

2020இல் பெருந்தொற்றுக்காக முதன்முறையாகப் பெரிய அளவில், 750 பில்லியன் யூரோ வரை, ஒன்றியத்தின் பெயரிலேயே கடன் வாங்க ஒப்புக்கொண்டார்கள். அது சரியான திசை, ஆனால் ஒருமுறைக்கு மட்டும் என்று எழுதிவைத்த ஏற்பாடு. வங்கி வைப்புகளுக்கு யூரோப் பகுதி முழுவதற்கும் ஒரே காப்பீடு வேண்டும் என்று 2015இல் ஐரோப்பிய ஆணையம் வைத்த முன்மொழிவு இன்னும் சட்டமாகவில்லை. ஒரு லட்சம் யூரோ வரையிலான வைப்புக்குப் பாதுகாப்பு உண்டு என்று எல்லா நாடுகளிலும் சட்டம் இருக்கிறது. ஆனால் வங்கி விழுந்தால் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியது அந்தந்த நாட்டின் நிதியம்தான்.