சிகரெட் அணைந்துவிடும், வேப் அணையாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 15 வருடமாக நாளைக்கு 10 சிகரெட் பிடித்து வந்தேன். துபாயிலிருந்து வந்த மைத்துனர் ஒரு வேப் (மின் சிகரெட்) கொடுத்தார். அதில் ‘2 மி.லி., 5%’ என்று போட்டிருந்தது. நான்கு நாளில் தீர்ந்துவிட்டது, அந்த நான்கு நாளும் சிகரெட்டைத் தொடவில்லை. அடிமைத்தனம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 5% என்றால் ஒரு மில்லியில் சுமார் 50 மில்லிகிராம் நிகோடின். 2 மில்லிக்கு 100. சிகரெட்டில் பத்து மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலும், பெரும்பகுதி எரிந்தும் காற்றில் கலந்தும் போய், ரத்தத்தில் சேர்வது 1 முதல் 1.5 மில்லிகிராம்தான். வேப்பிலும் வீணாவது உண்டு. பாதிதான் உடம்பில் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும் நாலு நாளில் 50, நாளொன்றுக்கு 12 மில்லிகிராமுக்கு மேல். உங்கள் பத்து சிகரெட் கொடுத்ததும் அதே 10 முதல் 15தான். நிகோடின் துளியும் குறையவில்லை, வந்து சேரும் வழிதான் மாறியிருக்கிறது.

இனிமேல் கூடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சிகரெட் பத்துப் பன்னிரண்டு இழுப்பில் தானாக அணைந்துவிடும். இன்னொன்று வேண்டுமென்றால் வெளியே போக வேண்டும், தீப்பெட்டி தேட வேண்டும். வேப்புக்கு அந்த முற்றுப்புள்ளி இல்லை. மேசையில், படுக்கையில், குளியலறையில் என்று இரண்டிரண்டு இழுப்பாக நாள் முழுக்க ஓடும். தொண்டையும் தடுக்காது. சாதாரண நிகோடின் இந்த அளவில் தொண்டையைக் கமற வைத்துவிடும். பென்சாயிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து நிகோடின் உப்பாக மாற்றியதும் காரம் தணிந்து, 50 மில்லிகிராமும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பிரிட்டனில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் கையில் இருந்தது அதைப் போல இரண்டரை மடங்கு.

லாபமே இல்லையா என்றால், இருக்கிறது. தார், கார்பன் மோனாக்சைடு போன்ற எரிபுகை நஞ்சுகள் வேப்பில் மிகக் குறைவு அல்லது இல்லை. 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் 886 பேர் கலந்துகொண்டார்கள். வேப்பின் துணையோடு முயன்றவர்களில் 18 சதவீதம் பேர் ஓராண்டு முடிவிலும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். நிகோடின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தியவர்களில் 9.9 சதவீதம். ஆனால் வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் அப்போதும் வேப்பை விட்டிருக்கவில்லை. மற்ற பிரிவில் வெற்றி பெற்றவர்களில் 9 சதவீதம் பேர்தான் அந்த மாற்றுப் பொருளைத் தொடர்ந்தார்கள். உங்கள் கேள்விக்கான பதில் இந்த 80, 9 என்ற இரண்டு எண்களில் இருக்கிறது: சிகரெட் போனாலும் அடிமைத்தனம் போய்விடுவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 2019 முதல் இந்தியாவில் வேப் இறக்குமதியும் விற்பனையும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனின் பையில் தர்பூசணி வாசனையுள்ள ஒரு வேப் குச்சி இருந்தது. “நிகோடினே இல்லம்மா, வெறும் ஃபிளேவர்” என்கிறான். நம்பலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: அவன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டாதீர்கள், அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். திருட்டுத்தனமாக விற்கும் பொருளின் மேல் ‘0%’ என்று போட்டிருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அப்படி அச்சடித்தவற்றிலும் பரிசோதனையில் நிகோடின் கண்டுபிடித்திருக்கிறார்கள். லேபிளை விட்டுவிட்டு அவனைக் கவனியுங்கள். எழுந்த அரை மணிக்குள் தேடுகிறானா? இரவில் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறானா? அது கையில் இல்லாத நாளில் எரிச்சலும் கவனச் சிதறலும் வருகிறதா? ஆம் என்றால் உள்ளே நிகோடின் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்வதால் இந்த வயதில் பழக்கம் வேகமாகப் பிடிக்கும். சத்தம் போட்டால் ஒளித்து இழுப்பான். பக்கத்தில் உட்கார்ந்து மேலே சொன்ன மூன்றையும் அவனிடமே கேளுங்கள், பிறகு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தக் குச்சி அதன் கைக்கு எட்டக் கூடாது. அந்தத் திரவத்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வேப்பை நிறுத்துவதற்காக நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வருகின்றன, ஆசை அடங்கவில்லை.
(வாசகர், சென்னை)

பதில்: பபிள்கம் மாதிரி மென்றிருப்பீர்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு இது. வேகமாக மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்விடும். அங்கே எரிச்சலைக் கிளப்பும், மிச்சத்தைக் கல்லீரல் சிதைத்துவிடும். அது கன்னத்தின் உட்தோல் வழியாக ஏற வேண்டும். மெதுவாக மெல்லுங்கள், காரமோ சுருக்கென்ற உணர்வோ வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவையுங்கள். உணர்வு மங்கியதும் மறுபடி மெல்லுங்கள், இடம் மாற்றி ஒதுக்குங்கள். ஒரு சூயிங்கம் அரை மணி நேரம் வரும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்னாலிருந்து காபி, ஜூஸ், சோடா கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது.

எழுந்த அரை மணிக்குள் முதல் இழுப்பு இழுப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. முதல் ஆறு வாரம், விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று. நாளைக்கு 24ஐத் தாண்டக் கூடாது. ஆசை வந்த பிறகு வாயில் போட்டால் காலம் கடந்துவிடும், ஏனென்றால் இழுப்பு சில நொடியில் மூளைக்குப் போகும், சூயிங்கத்துக்கு இருபது முப்பது நிமிடமாகும். கடிகாரம் பார்த்துப் போடுங்கள். இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உச்சக் கஷ்டம். அந்த நாட்களில் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: சிகரெட்டை விட்டு ஒரு வாரம். காலைக் காபி குடித்தால் படபடவென்று வருகிறது. இது நிகோடின் ஏக்கமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: காபியாகவே இருக்கலாம். புகையிலுள்ள சில பொருள்கள், காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிட்டிருந்தன. புகை நின்றதும் நொதி மந்தமாகி, அதே டம்ளர் காபி உடம்பில் அதிக நேரம் தங்குகிறது. இதற்குக் காரணம் நிகோடின் அல்ல, புகை. அதனால் வேப்புக்கு மாறியவர்களுக்கும் இது வரும். காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். ஆஸ்துமா மருந்தான தியோஃபிலின், மனநோய் மருந்துகளான குளோசாபின், ஒலன்சாபின் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே விதமாக மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். அவர்கள் சிகரெட்டை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.