கடைசி உயிர்

அன்புள்ள அக்கா,

மூன்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 279 ரிங்கிட்டுக்கு ஒரு புது வீடியோ கேம் வாங்கினேன். விமர்சனங்களில் பத்துக்கு ஒன்பது. மழைத்துளிகூட நிஜம் மாதிரியே இருக்கிறது. ஆனால் பத்து மணி நேரத்தில் அலுத்துவிட்டது. என் தம்பியோ மாமாவின் பழைய மாரியோ கேமை விடாமல் ஆடுகிறான். பழைய கேம்களே நல்லவையா? பிளேஸ்டேஷன் 5 என்கிற புது கேம் கருவியை வாங்கினால் சரியாகுமா?

ப., சுங்கை சிப்புட்

அன்புள்ள ப.,

ஒன்பது மதிப்பெண் போட்டவர் உங்கள் காசைத் திருப்பித் தரப்போவதில்லை, அதை விடுங்கள். மழைத்துளியைப் பார்த்து வாங்கியது உங்கள் தவறு. மழை பார்க்க வேண்டுமென்றால் நம் ஊரில் நவம்பர் மாதம் வாசலில் உட்கார்ந்தால் போதாதா?

நம் ஊர் என்றேன். நானும் அங்கே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடை இருந்தது. நாலு டிவி, அரை மணிக்கு ஐம்பது காசு. அண்ணன் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு போவான். காசில் பாதி என்னுடையது. ஆனால் மாரியோவின் மூன்று உயிரில், அதாவது மூன்று வாய்ப்பில், இரண்டை அவனே தீர்த்துவிட்டு, "இந்தா, நீ ஆடு" என்று கடைசியை மட்டும் என் கையில் தருவான். நான் உடனே செத்துப்போவேன். கடை முழுக்கப் பையன்கள் சிரிப்பார்கள். அண்ணன்மேல் கோபம் வரும், கேம்மேல் ஒருநாளும் வந்ததில்லை. ஏன் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

1985இல் வந்த அந்த கேமின் முதல் கட்டத்தைத் தம்பியிடம் ஆடிக்காட்டச் சொல்லுங்கள். எதிரெதிரே இரண்டு படிக்கட்டு வரும். நடுவில் தரை இருக்கும், தவறி விழுந்தாலும் ஏறிக்கொள்ளலாம். கொஞ்ச தூரத்தில் அதே மாதிரி இன்னொரு ஜோடி. இந்த முறை நடுவில் தரை இல்லை, பள்ளம். ஒரு வார்த்தை எழுதாமல் முதலில் பழக்கிவிட்டு அப்புறம் சோதிக்கிறார்கள். அங்கே விழுந்தால் தவறு என் கையினுடையது. அடுத்த ஐம்பது காசுக்கு நான் அலைந்ததே அதனால்தான்.

அம்மா எனக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பழக்கியதும் இப்படித்தான். உளியை ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம். மேலோட்டமாகச் சீவினால் பால் பிடிக்கும் மங்கில் ஒன்றும் சொட்டாது. கங்காணி வந்து திட்டும் முன்பே மரம் காட்டிவிடும். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்.

அதற்காகப் பழையதெல்லாம் நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும். 1982இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட இ.டி. கேமும் பழசுதான். ஐந்தே வாரத்தில் அவசரமாகச் செய்தது. அதிலும் பள்ளம் உண்டு. நாம் ஆட்டுவிக்கும் இ.டி.யின் கால் வெளியே இருந்தாலும் தலை பள்ளத்தின்மேல் பட்டால் விழுந்துவிடும். ஏறி வந்ததும் மறுபடி விழும். ஆடுகிறவன் இதில் எதைக் கற்றுக்கொள்வான்? விற்காத கேம் பெட்டிகளை 1983இல் நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் தோண்டி எடுத்துப் படம் பிடித்தார்கள், அது வேறு கூத்து.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். மழை இருக்கிறது, விலை இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது. எந்த இடத்தில் தோற்றீர்கள் என்று ஒரு வரி இருக்கிறதா? பத்து மணி நேரம் ஆடியவருக்குச் சொல்ல ஒரு தோல்விகூட இல்லை. இங்கே போ, இதை எடு என்று அம்புக்குறி காட்டியிருக்கும், நீங்களும் போயிருப்பீர்கள். அதற்கு நீங்கள் எதற்கு?

பிளேஸ்டேஷன் 5 பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். வேண்டாம். தம்பியிடம் ஒரு ஆட்டம் கேட்டு வாங்குங்கள். கடைசி உயிரை மட்டும் நீட்டினால் வாங்காதீர்கள்.