கடைசிப் பாகம் தேவையா? அறிவியல் புனைகதைத் தொடர்கள்: கேள்வி பதில்

நாகர்கோவிலில் நடந்த வாசகர் கூட்டத்தில் முதல் பாகம் எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைத்ததும் தொடர் முடிந்துவிட வேண்டும் என்று பேசினேன். அங்கே நேரம் போதாமல் நின்றுபோன கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கதைகளின் முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. இன்னும் வாசிக்காதவர்கள் அந்தந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

தக்கலை, பள்ளி ஆசிரியை: அசிமோவின் ஃபவுண்டேஷன் மூன்று புத்தகத்தோடு நின்றிருக்கலாம் என்றீர்கள். விண்மீன் பேரரசு விழுந்தபின் புதியதை எழுப்பும் ஆயிரம் ஆண்டுத் திட்டம் பாதியில் அல்லவா நிற்கிறது, சார்?

பாதிகூட இல்லை, டீச்சர். 1953இல் மூன்றாம் புத்தகம் முடியும்போது கதைக்குள் 400 ஆண்டுகள்கூட ஆகியிருக்காது. ஆனாலும் அது முடிந்த கதை என்றே நினைக்கிறேன். கோடானுகோடி மனிதர்களின் வரலாற்றைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா, அந்தக் கணக்கில் அடங்காத ஒருவன் வந்து நின்றால் என்ன ஆகும்? முதல் புத்தகம் நம் மனத்தில் போட்ட கேள்வி இதுதான். மியூல் என்பவன் வந்து திட்டத்தை உடைக்கிறான், திட்டத்தை மறைந்திருந்து காக்கும் இரண்டாம் ஃபவுண்டேஷன் அதைச் சீராக்குகிறது. பதில் கிடைத்துவிட்டது. மிச்சமுள்ள 600 ஆண்டுகளை வாசகர் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

வாசகர்களும் பதிப்பகமும் விடவில்லை. 1982இல் நான்காவது வந்தது, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. நல்ல நாவல்தான், ஆனால் கேள்வி மாறிவிட்டது. கணிதம் பின்னால் போய், விண்மீன் மண்டலம் முழுவதும் ஒரே மனமாக ஆகலாமா என்பது முன்னால் வந்தது. 1986இல் வந்த ஐந்தாவது, கடைசிப் பக்கத்தில் புதிதாக ஓர் ஐயத்தைக் கிளப்பிவிட்டு நிற்கிறது. அதற்கு மேல் எப்படிக் கொண்டுபோவதென்று அசிமோவுக்கே பிடிபடவில்லை. பின்னோக்கிப் போய், திட்டத்தை வகுத்த கணித மேதை செல்டனின் இளமைக்காலத்தை எழுதினார், 1992இல் காலமானார். முடிந்திருந்த தொடரை முடியாத தொடராக்கியவை நான்காவதும் ஐந்தாவதும்தான்.

குளச்சல், இன்ஜினியரிங் மாணவர்: உங்கள் கணக்குப்படி லியூ சிசினின் முப்பொருள் தொடர் இரண்டாம் நாவலிலேயே முடிந்திருக்க வேண்டுமே, அண்ணா? பூமிக்கும் வேற்றுலகத்தாருக்கும் நடக்கும் போர் அங்கேயே நின்றுவிடுகிறது.

சரியான இடத்தில் பிடித்தாய், தம்பி. 2008இல் வந்த இரண்டாம் நாவலில், "தாக்கினால் உங்கள் உலகம் இருக்கும் இடத்தைப் பிரபஞ்சத்துக்கே சொல்லிவிடுவேன்" என்று பூமியின் பக்கம் நிற்கும் லுவோ ஜி மிரட்டுகிறான். சொன்னால் வேறு யாரோ வந்து அந்த உலகையும் பூமியையும் சேர்த்து அழித்துவிடுவார்கள். எதிரி அடங்குகிறான். கதை அழகாக மூடிக்கொள்கிறது. ஆனால் யோசித்துப் பார், அந்த அமைதி முழுவதும் ஒரே ஒரு மனிதனை நம்பியே நிற்கிறது. இரண்டு உலகங்களையும் அழிக்க அவன் துணிவான் என்று எதிரி நம்பும்வரைதான் அதற்கு ஆயுள். அவனுக்குப் பிறகு? கருணை உள்ள ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாமா? 2010இல் வந்த மூன்றாம் நாவலில் பொறுப்பு செங் சின் கைக்கு மாறிய சில நிமிடங்களிலேயே தாக்குதல் தொடங்கிவிடுகிறது. அந்த இடத்தை வாசித்துவிட்டு அன்று வேறு எதையும் என்னால் தொட முடியவில்லை. இரண்டாம் நாவலுக்குள்ளேயே இருந்த கேள்வியைத்தான் மூன்றாவது வெளியே எடுத்தது. அதனால் அது வேண்டும், கட்டாயம் வேண்டும்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி: காலையில் வெட்டு முடிந்ததும் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூன் நாவல்களை வாசிப்பேன். ஆறும் முடித்துவிட்டேன். அவர் மகன் எழுதிய கடைசி இரண்டையும் வாங்கலாமா?

வாங்க வேண்டாம் அண்ணாச்சி, நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். ஆறாவது 1985இல் வந்தது. தெரியாத வெளிக்குள் தப்பி ஓடும் ஒரு கப்பலோடு நிற்கிறது. மறு வருடமே ஃபிராங்க் ஹெர்பர்ட் காலமானார். மகன் பிரையனும் கெவின் ஆண்டர்சனும், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து எழுதியதாகச் சொல்லி 2006இலும் 2007இலும் இரண்டு நாவல்கள் கொண்டுவந்தார்கள். ஆறு நாவல்களில் பழங்கதையாக மட்டும் வரும் போரின் எந்திரங்கள் அவற்றில் எதிரியாகத் திரும்பி வருகின்றன. முடிச்சு அவிழ்கிறது, எனக்கு நிறைவு தரவில்லை.

மீட்பர் ஒருவரிடம் மக்கள் தங்களை ஒப்படைத்தால் என்ன நடக்கும் என்ற பெரிய கேள்விக்கு நான்காம் நாவலே பதில் சொல்லிவிட்டது. ஐந்தும் ஆறும் வேறொன்றைத் தொடங்கியவை, அது திறந்தே கிடக்கட்டும். ஆறாவதன் கடைசிப் பக்கங்களில் ஹெர்பர்ட் 1984இல் இறந்துபோன தன் மனைவி பெவர்லியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் கையால் வந்தது அதுவரைதான். எனக்கு அது போதும்.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: ராமா என்று பெயரிடப்பட்ட வேற்றுலகக் கப்பல் ஒன்று நம் சூரிய மண்டலத்துக்குள் வந்துபோகும் கிளார்க்கின் ராமா நாவல், அதைக் கட்டிய ராமர்கள் எதையும் மூன்று மூன்றாகச் செய்வார்கள் என்று முடிகிறது. அது அடுத்த பாகத்துக்கான அழைப்புதானே?

இல்லை மக்களே. கிளார்க் அப்போது தொடர்ச்சி எதுவும் நினைத்திருக்கவில்லை. அந்தக் கப்பல் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதுதான் 1973 நாவலின் பலமே. பின்னால் ஜென்ட்ரி லீயோடு சேர்ந்து வந்த மூன்றும் அந்தப் புதிரை விளக்கிவிடுகின்றன. நான் முதலாவதோடு நிறுத்தச் சொல்வேன்.

திங்கள்சந்தை, கடைக்காரர்: தமிழில் இப்படி ஏதாவது உண்டா?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும் இருக்கின்றனவே. முதல் நாவலில், நாட்டை ஆளும் ஜீவாவின் பொய் உடைகிறது, ஆனால் அதிகாரம் மக்களிடம் வந்து சேரவில்லை. அந்தக் குறைக்காகவே இரண்டாவது தேவைப்பட்டது. இரண்டோடு நிறுத்தியது அவருடைய நல்ல முடிவு.

மார்த்தாண்டம், நர்ஸ்: ஃபவுண்டேஷனை எதிலிருந்து தொடங்குவது?

1951இல் வந்த முதல் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், அக்கா. அப்புறம் வெளிவந்த வரிசையிலேயே போங்கள். காலவரிசை என்று 1988இல் வந்த முன்கதையை முதலில் எடுத்துவிடாதீர்கள். 1986 நாவல் கடைசிவரை மறைத்து வைத்திருக்கும் ஆள் யாரென்று அது சொல்லிவிடும்.