வீட்டில் பூட்டிய எலக்ட்ரிக் கிட்டாரில் சுருதி சேரவில்லை, நெக்கை மாற்ற வேண்டுமா?

நெக்கை மாற்றாதீர்கள் தம்பி, அதற்கு முன்னால் ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். கிட் வாங்கி (மியான்மர்) பெகுவில் வீட்டிலேயே பூட்டியிருக்கிறீர்கள், விரல் வைக்காத திறந்த கம்பிகள் ட்யூனரில் சரியாக நிற்கின்றன, 12ஆம் ஃபிரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தினால் சுருதி ஏறிவிடுகிறது, தடித்த ஈ கம்பியின் சாடிலை (பிரிட்ஜில், அதாவது உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகத்தில், ஒவ்வொரு கம்பிக்கும் உள்ள நகரும் துண்டு) கடைசி வரை பின்னால் தள்ளியும் போதவில்லை. இதுதானே கேள்வி?

கம்பி அதிரும் நீளத்தை, அதாவது ஸ்கேல் நீளத்தை, முடிவு செய்வது நெக்தான், பிரிட்ஜ் இல்லை. ஃபிரெட்டுகளை வெட்டியபோதே அது முடிந்துபோன விஷயம். நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் துண்டு) 12ஆம் ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் அதுதான் உங்கள் ஸ்கேல். ஃபெண்டர் பாணி நெக் என்றால் சுமார் 324 மி.மீ. வரும், அதாவது மொத்தம் 648, நம் ஆட்கள் சொல்லும் இருபத்தைந்தரை அங்குலம். கிப்சன் பாணியில் அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் குறையும். நட்டிலிருந்து முதல் ஃபிரெட்டுக்கு உள்ள தூரத்தையும் பாருங்கள்: ஸ்கேலை 17.817ஆல் வகுத்தால் வரும், 648க்கு 36.4 மி.மீ. இங்கே கூடக்குறைய இருந்தால் நட் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, பிரிட்ஜை என்ன செய்தாலும் முதல் மூன்று ஃபிரெட் திருந்தாது.

இப்போது 12ஆம் ஃபிரெட்டிலிருந்து சாடில் வரை. மெல்லிய ஈ கம்பிக்கு 324ஐவிட ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகவும், தடித்த ஈ கம்பிக்கு நான்கைந்து மி.மீ. கூடுதலாகவும் இருப்பதுதான் வழக்கம். உங்களுக்கு அந்த இடம் இல்லை என்றால் பிரிட்ஜை முன்னால் தள்ளித் துளை போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அல்லது நெக் உட்காரும் குழியைக் கிட்காரர்கள் பிரிட்ஜ் பக்கம் நீளமாக வெட்டிவிட்டார்கள்.

ஆனால் துளைபோடும் மெஷினைத் தூக்குவதற்கு முன் கம்பியைப் புதிதாக மாற்றுங்கள், பழைய கம்பியில் இன்டொனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சேர்வது) பார்ப்பது வீண்வேலை. ஆக்ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்) அதிகமாக இருந்தால் அழுத்தும்போதே கம்பி இழுபட்டு சுருதி ஏறும், அதையும் இறக்குங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், கம்பிக்கு மிக அருகில் இருந்தால் காந்தம் இழுத்து ட்யூனர் முள் ஓர் இடத்தில் நிற்காது. இந்த மூன்றைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை முடிந்துவிடும். அப்புறம் கணக்கு எளிது. சாடிலை 1 மி.மீ. நகர்த்தினால் 12ஆம் ஃபிரெட்டில் சுமார் இரண்டரை சென்ட் (அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மாறும். 10 சென்ட் ஏறியிருந்தால் 4 மி.மீ. பின்னால் போகவேண்டும். சாடில் ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினாலே கொஞ்சம் இடம் கிடைக்கும், அது போதுமா என்று முதலில் பாருங்கள். நகர்த்தும்போது கம்பியைத் தளர்த்துங்கள், ஒவ்வொரு முறையும் திறந்த கம்பியை மறுபடி ட்யூன் செய்துவிட்டுத்தான் 12ஐ அழுத்திப் பார்க்க வேண்டும்.

போதவில்லை என்றால் பிரிட்ஜையே நகர்த்த வேண்டியதுதான். மூன்று நான்கு மி.மீ. தள்ளிப் புதுத் துளை போட்டால் டிரில் வழுக்கிப் பழைய துளைக்குள்ளேயே போகும், ஆகவே பழையதை மரக்குச்சி வைத்துப் பசைபோட்டு அடைத்துக் காயவிடுங்கள். நம் ஊரில் கையில் கிடைப்பது தேக்குத் துண்டு, அது எண்ணெய் ஊறும் மரம், பசை சரியாகப் பிடிக்காது. தேக்குதான் இருக்கிறது என்றால் அசிட்டோனில் துடைத்த உடனே ஒட்டிவிடுங்கள். பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் வயரை மறக்காதீர்கள், அது தொடவில்லை என்றால் ஆம்ப்பில் இரைச்சல் உயிரை வாங்கும்.

மே முதல் அக்டோபர் வரை மழையில் மரம் ஈரம் குடிக்கிறது, நெக் வளைவு மாறுகிறது. இப்போது செட் செய்ததை மழை விட்டதும் இன்னொரு தடவை பார்க்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, கோயில் பஜனையில் பாடிப் பழகிய காது என்றால் எல்லாம் சரியான பிறகும் ஈ மேஜர் கார்டில் ஜி கம்பி ஏறியிருப்பதாகவே தோன்றும். கிட்டார் ஃபிரெட்டுகள் சம இடைவெளிச் சுருதியில் போட்டவை, அதில் அந்தர காந்தாரம் தம்புரா சொல்லும் இடத்தைவிட 14 சென்ட் மேலே நிற்கும். காதுக்கு இனிக்கிறதே என்று அந்தக் கம்பியை இறக்கினால் அடுத்த கார்ட் கெடும். இதற்கு சாடிலில் வைத்தியம் கிடையாது, ட்யூனர் சொல்வதை வைத்துக்கொண்டு வாசியுங்கள். நட்டிலிருந்து 12, 12லிருந்து சாடில், இரண்டு அளவையும் கீழே எழுதினால் எத்தனை மி.மீ. நகர்த்தலாம் என்று சொல்கிறேன்.