மைதானத்து அடிதடி, தெருப் போராட்டம், பத்திரிகைத் தலைப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கழகம் நடத்தும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்துக்கு 2,000 பேர் அளவில் வருவார்கள். போன வருடம் பெனால்டி கொடுத்ததில் தொடங்கிய வாய்த்தர்க்கம் கல்லெறியில் முடிந்தது. இந்த முறை அது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
– கழகச் செயலாளர், கிண்ணியா

முதலில் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் மைதானத்துக் கேற்றை அளந்து பாருங்கள். சண்டையைப் பற்றிக் கேட்டால் கேற்றைப் பற்றிச் சொல்கிறார்களே என்று நினைக்க வேண்டாம். கல்லெறியில் மண்டை உடையும். ஆனால் உயிர்கள் கொத்தாகப் போவது, எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடும்போதுதான். பிரித்தானியாவின் விளையாட்டரங்குப் பாதுகாப்புக் கைநூலில் உள்ள கணக்கு இது: சமதரையில், ஒரு மீற்றர் அகல வாசலால் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம், படிக்கட்டு என்றால் 66 பேர். அவசரத்தில் கூட்டம் முழுவதும் 8 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். உங்கள் 2,000 பேரை 8 ஆல் பிரித்தால் நிமிடத்துக்கு 250 பேர். அதற்கு மொத்தம் மூன்று மீற்றருக்குச் சற்றுக் கூடிய வாசல் அகலம் தேவை. ஒன்றரை மீற்றர் கேற் ஒன்றுதான் இருக்கிறது என்றால் 16 நிமிடம் எடுக்கும். அப்படியானால் மதில் இல்லாத பக்கத்து வேலியை அன்றைக்குக் கழற்றி விடுங்கள். எல்லாக் கேற்றும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை பூட்டுப் போடக் கூடாது. ரிக்கற் இல்லாதவர் உள்ளே வந்துவிடுவார் என்ற பயத்தில்தான் பல இடங்களில் பூட்டுகிறார்கள். அந்த வேலைக்குக் கேற்றடியில் இரண்டு பேரை நிறுத்தினால் போதும்.

அடுத்தது நேரம். பின்னேரம் நான்கரைக்குத் தொடங்கினால் 90 நிமிடமும் இடைவேளை 15 நிமிடமும் சேர்ந்து ஆறேகால். சமநிலை வந்து மேலதிக நேரமும் பெனால்டிகளும் என்றால் ஏழு மணி தாண்டும். வெளிச்சக் கம்பம் இல்லாத மைதானத்தில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பது மத்தியஸ்தருக்கே தெரியாத நேரம் அது. மூன்றரைக்குத் தொடங்குங்கள், பெனால்டி அடிக்க நேர்ந்தாலும் பொழுது சாயும் நேரத்தோடு முடிந்துவிடும்.

எல்லைக்கோட்டிலிருந்து மூன்று மீற்றர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். கோட்டிலேயே ஆட்கள் நிற்கும் மைதானத்தில் உதவி மத்தியஸ்தருடைய காதுக்குள்தான் எல்லாத் தூஷணமும் போகும். இரண்டு ஊராரும் இரண்டு பக்கத்தில் நிற்கட்டும். வெளியேறும் கேற்றும் வேறு வேறாக இருக்கட்டும். தொண்டர்கள் 100 பேருக்கு ஒருவராவது வேண்டும், இரண்டு ஊரிலிருந்தும் சரிபாதி. இருபது வயதுப் பெடியன்களை மட்டும் போடாதீர்கள். அவர்களோடு, ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள முன்னாள் வீரர்களையும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தாரையும் நிறுத்துங்கள். தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் விற்க விடாதீர்கள். மைதானத்தைச் சுற்றிக் கிடக்கும் கருங்கல், கொங்கிறீற் துண்டுகளை முதல் நாளே அள்ளுங்கள். கல்லெறிக்குக் கல் அநேகமாக மைதானத்து ஓரத்திலிருந்தே கிடைக்கிறது.

ஒலிபெருக்கியைப் பிடிப்பவர் மத்தியஸ்தரின் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. இதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி விசில் ஊதியதும் மத்தியஸ்தர்கள் வெளியேற ஒரு தனி வழியும், அதன் முடிவில் ஒரு வாகனமும் தயாராக இருக்க வேண்டும். 1990 அம்புலன்ஸ் உள்ளே வரும் வழியில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்த விடாதீர்கள்.

பொலிஸாரையும் முன்கூட்டியே சந்தித்துப் பேசுங்கள். தலைக்கவசமும் கேடயமுமாக மைதானத்துக்குள் வரிசையாக நிற்க வேண்டாம், சாதாரண உடுப்பில் இரண்டிரண்டு பேராகக் கூட்டத்தோடு கதைத்துத் திரியட்டும் என்று கேளுங்கள். 2004 ஐரோப்பியக் கிண்ணத்தின்போது போர்த்துக்கல் பொலிஸார் ஆட்டம் நடந்த நகரங்களில் இப்படித்தான் செய்தார்கள். கலகத் தடுப்புப் பிரிவை ஆட்களின் கண்ணில் படாமல் பின்னால் வைத்திருந்தார்கள். இங்கிலாந்து ரசிகர்களால் பெரிய குழப்பம் எதுவும் அந்த நகரங்களில் வரவில்லை. பழைய பாணியில் இன்னொரு படை காவல் செய்த அல்புஃபெய்ரா என்ற கடற்கரை ஊரில்தான் வந்தது.

கேள்வி: இங்கிலாந்து ரசிகர்களின் வெறியால்தான் ஹில்ஸ்பரோவில் அத்தனை பேர் செத்தார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரியா?
– உயர்தர மாணவி, உப்புவெளி

பிழை. இந்தப் பிழை லிவர்பூல் என்ற ஒரு நகரத்தையே பல வருடம் அழ வைத்தது, அதனால் விரிவாகச் சொல்கிறோம்.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்று பார்க்க வந்த லிவர்பூல் ரசிகர் 10,100 பேருக்கு ஏழே ஏழு சுழல் கதவுகள். வெளியே நெரிசல் முற்றியதும் பிற்பகல் 2.52க்குப் பொலிஸ் கட்டளையின்படி பெரிய வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே போனவர்களுக்கு நேரெதிரே ஒரு சுரங்கப்பாதை. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளுக்கு (கம்பி அடைத்த நின்று பார்க்கும் பகுதிகளுக்கு) கொண்டுபோய்விட்டது. பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தது. சுரங்கப்பாதையை மறித்து ஆட்களைப் பக்கத்துக்குத் திருப்பிவிட எவரும் நிற்கவில்லை. முன்னால் கம்பிவேலி. 3.06க்கு ஆட்டத்தை நிறுத்தினார்கள். இறந்தவர்கள் தொகை, பல வருடம் கழித்து இறந்தவரையும் சேர்த்து, இன்று 97.

நான்கு நாள் கழித்து ‘த சன்’ பத்திரிகை, பெயர் சொல்லாத பொலிஸ் வட்டாரங்களை நம்பி, ரசிகர்கள் இறந்தவர்களின் பொருட்களைத் திருடினார்கள் என்று முதற்பக்கத்தில் போட்டது. தலைப்பு: ‘உண்மை’. பொலிஸ் கட்டுப்பாடு தவறியதே முக்கிய காரணம் என்று அதே வருடமே விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர் எழுதிவிட்டார். ஆனால் மக்கள் மனதில் நின்றது தலைப்புத்தான். 2012இல் சுயாதீனக் குழு ஆவணங்களைத் திறந்தபோது 164 பொலிஸ் வாக்குமூலங்கள் மாற்றப்பட்டிருந்தன. அவற்றில் 116இல் பொலிஸாருக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. 2016இல் மரண விசாரணை ஜூரி, இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்று தீர்ப்பளித்தது.

ரசிகர்கள் எப்போதும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. 1985 மே 29, பிரசல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் யுவென்டஸ் ரசிகர்கள் மேல் பாய்ந்தார்கள். ஓடியவர்கள் நெரிபட்டு, மதில் சரிந்து, 39 பேர் இறந்தார்கள். 14 ரசிகர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள், இங்கிலாந்துக் கழகங்கள் ஐந்து வருடம் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து தடைசெய்யப்பட்டன. ஹெய்சலில் நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு ஹில்ஸ்பரோவைப் பார்த்ததால்தான் அந்தப் பொய் அவ்வளவு இலகுவாக எடுபட்டது.

கேள்வி: மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை அடிக்கலாமா?
– தம்பலகாமம் வாசகர்

மைதானத்துக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது என்பது ஃபீஃபாவின் பாதுகாப்பு விதி. 2022 ஒக்டோபர் 1, இந்தோனேசியாவின் மலாங் பகுதிக் கஞ்சுருஹான் மைதானத்தில் 135 பேர் இறந்தார்கள். எதிரணி ரசிகர்களை அன்று அனுமதிக்கவே இல்லை. ஆகவே இரண்டு தரப்பு மோதியதால் வந்த மரணங்கள் அல்ல அவை. தோற்ற சொந்த அணியின் ரசிகர்கள் சிலர் மைதானத்துக்குள் இறங்க, பொலிஸார் பார்வையாளர் பகுதிக்கும் புகை அடித்தார்கள். ஒடுங்கிய வாசல்களில் மக்கள் நெரிபட்டார்கள். 1964இல் லிமாவில் 328 பேரும் 2001இல் அக்ராவில் 126 பேரும் இதே மாதிரிப் போனார்கள்.

தெருவில் புகையில் அகப்பட்டால் காற்று வரும் திசையை நோக்கி, மேடான பக்கம் நடவுங்கள். ஓட வேண்டாம். அது புகை மாதிரித் தெரிந்தாலும் நுண்ணிய தூள். கண்ணைக் கசக்கினால் உள்ளே தேய்ந்துவிடும். நிறையச் சுத்தத் தண்ணீரால் கழுவி, உடுப்பை மாற்றுங்கள். தொடுவில்லை (கொன்டாக்ட் லென்ஸ்) அணிபவர்கள் போராட்டத்துக்குக் கண்ணாடியோடு போவது நல்லது.

கேள்வி: ரசிகர் கூட்டத்துக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு?
– ஆசிரியர், மூதூர்

வாராவாரம் ஒன்றாகக் கோஷம் போட்டு, பொலிஸ் தடியை எதிர்கொண்டு பழகிய இளைஞர் கூட்டம் வேறு எங்கே இருக்கிறது? 2011இல் எகிப்தின் முபாரக் ஆட்சிக்கு எதிராகக் கெய்ரோ தஹ்ரிர் சதுக்கத்தில் நடந்த போராட்டத்தில் அல் அஹ்லி கழகத்தின் ‘அல்ட்ராஸ்’ என்ற தீவிர ரசிகர்கள் முன்வரிசையில் நின்றார்கள். அடுத்த வருடம் பெப்ரவரி 1 அன்று போர்ட் சயித் மைதானத்தில் அதே கழகத்தின் ரசிகர்கள் 70 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். வெளியேறும் கதவு பூட்டியிருந்தது, பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழிவாங்கல் என்று அந்த ரசிகர்கள் இன்றும் நம்புகிறார்கள். துருக்கியில் 2013 கெசி பூங்காப் போராட்டத்தில் நின்ற பெசிக்டாஸ் ரசிகர்கள் உட்பட 35 பேர்மேல் அரசைக் கவிழ்க்க முயன்றதாக வழக்கே போட்டார்கள்.

கேள்வி: ஆர்ப்பாட்டம் ஒன்றில் நடந்த அடிதடியைக் கைபேசியில் எடுத்தேன். இதை எப்படிப் பாதுகாப்பது, எப்படி வெளியிடுவது?
– பிராந்தியச் செய்தியாளர், திருகோணமலை நகர்

மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம்: வெட்டவும் வேண்டாம், பெயர் மாற்றவும் வேண்டாம். அன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைவதோடு, எடுத்த நேரம், இடம் பற்றிய பதிவும் போய்விடும். ‘டொக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். எடுக்கும்போதே ஒரு கடைப் பெயர்ப்பலகை, சந்தி, கம்பம் ஏதாவது படத்துக்குள் வரட்டும். அடி விழுந்த பத்து விநாடி மட்டும் இருந்தால் யார் தொடங்கியது என்பது தெரியாது. முன்னும் பின்னும் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். வெளியிடும் பிரதியில் காயப்பட்டவர்கள், சிறுவர்கள், சாட்சி சொல்லக்கூடியவர்களின் முகத்தை மறையுங்கள்.

மற்றவர் அனுப்பிய படம் என்றால் நிழலைப் பாருங்கள். எங்கள் டச்சுக்குடாக் கடற்கரை கிழக்குப் பார்த்தது. கடலுக்கு மேல் தாழ்வாகச் சூரியன் நிற்கும் படத்தை ‘நேற்று மாலை’ என்று எவரும் தந்தால் ஏற்காதீர்கள். உட்துறைமுகப் பக்கம் என்றால் அப்படி ஒரு மாலை இருக்கலாம்.

இந்த ஊரில் படம் என்ன செய்யும் என்பதை மறக்க முடியாது. 2006 ஜனவரி 2 மாலை, காந்தி சிலைக்கு அருகே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். தங்கள் கையிலிருந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்கள் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். படங்கள் இல்லாவிட்டால் அந்த ஐந்து பேரும் இன்றும் தங்கள் குண்டிலேயே செத்தவர்களாகத்தான் பதிவில் இருந்திருப்பார்கள். ஆகவே உங்கள் பெயரைப் படத்தோடு போடுவதா என்பதை ஆசிரியரோடு பேசி முடிவெடுங்கள். கோப்பு உங்களிடம் மட்டும் இருக்கும் நிலையை நீடிக்க விடாதீர்கள்.

கேள்வி: ‘மோதல்’, ‘கலவரம்’, ‘தாக்குதல்’ – எதை எப்போது எழுதுவது?
– உவர்மலை வாசகி

இரு தரப்பும் அடித்தால் மோதல். ஒரு தரப்பு அடித்து மறு தரப்பு வாங்கினால் தாக்குதல். 2022 மே 9 அன்று அலரி மாளிகையிலிருந்து வெளியே வந்த, அப்போதைய பிரதமர் மகிந்த ராஜபக்ஷவின் ஆதரவாளர்கள் காலிமுகத்திடல் போராட்டக்காரரின் கூடாரங்களை உடைத்தது தாக்குதல். அன்று பின்னேரமும் இரவும் நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகளை எரித்ததும் தாக்குதலே. ‘நாட்டில் மோதல்’ என்ற ஒரு வரிக்குள் இரண்டையும் அடைத்தால் இரண்டிலும் செய்தவர் மறைந்துவிடுவார். ‘துப்பாக்கிச்சூடு நடந்தது’ என்று எழுதாமல் யார் சுட்டார் என்று எழுதுங்கள். உறுதியாகாவிட்டால் யார் சொன்னதாகச் சொல்கிறீர்கள் என்பதையாவது எழுதுங்கள். மே 10 அன்று, பதவி விலகிய அந்தப் பிரதமர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் இருக்கிறார் என்ற கதை பரவித் தள வாசலில் ஆட்கள் கூடினார்கள். பாதுகாப்புச் செயலாளர் அதை உறுதிப்படுத்தும் வரை ‘கூறப்படுகிறது’ என்று எழுதிய பத்திரிகைகள் சரியாகவே செய்தன.

கேள்வி: ஊர்வலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எப்படிக் கணக்கிடுவது? பொலிஸ் அனுமதி வேண்டுமா?
– நிலாவெளி வாசகர்

வீதியின் நீளத்தை அகலத்தால் பெருக்குங்கள். 100 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம் என்றால் 800 சதுர மீற்றர். தளர்வாக நடந்தால் சதுர மீற்றருக்கு ஒருவர், 800 பேர். தோளோடு தோள் நின்றால் நான்கு பேர், 3,200. தூரத்திலிருந்து ‘சூம்’ பண்ணிய படத்தை வைத்து எண்ணாதீர்கள். அது இடைவெளியை விழுங்கிவிடும்.

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு கேட்பது அறிவித்தல். ஊர்வலம் தொடங்க 6 மணித்தியாலத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் நேரமும் இட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அடி வாங்கினால் வைத்தியசாலையில் எப்படிக் காயம் வந்தது என்பதைச் சரியாகச் சொல்லிப் பதிவியுங்கள். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.