எந்தப் பாட்டியை எழுதுவது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் பாட்டி, அம்மாவைப் பெற்றவர், காலமானார். ஆங்கீரச வருஷம் ஆவணியில் பிறந்ததாகச் சொல்வார், அப்படியென்றால் 1932. ஊர் மயிலாடுதுறைப் பக்கம். தொண்ணூறைத் தாண்டியவர் என்பதால் வெடி, தப்பாட்டம், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் என்று கல்யாணச் சாவாகவே எடுத்தார்கள். முதலாண்டுத் திதிக்கு ஒரு சிறிய நினைவு மலர் போட நினைக்கிறேன்.

சிக்கல் இதுதான். எனக்குப் பாட்டி என்றால் கோடை விடுமுறை முழுக்கக் கதை சொன்னவர். மாடியில் வடாம் காய்வதற்குள் பாதியை எடுத்துத் தின்றாலும் சிரித்தவர். அம்மாவிடம் எழுதித் தரச் சொன்னால், "எனக்கு அவ கையால அடி வாங்குனதுதான் ஞாபகம் இருக்கு. மடியில உக்கார வச்சதே இல்ல" என்கிறார். சாவன்றும் அம்மா அழவில்லை. நாங்கள் இருவரும் சொல்வது ஒரே ஆளைப் பற்றியதாகத் தெரியவில்லை. எந்தப் பாட்டியை எழுதுவது?

வி.

அன்புள்ள வி.,

இரண்டு பேரையும் எழுதுங்கள். அம்மா சொன்னதை அவருடைய சொற்களிலேயே முதல் பக்கத்தில் போடுங்கள். நினைவு மலர்கள் நிறைய வாசித்திருக்கிறேன். "அன்பே உருவானவர்", "விருந்தோம்பலில் சிறந்தவர்" என்று எழுதியிருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த தெருப் பாட்டிக்கும் அப்படியே பொருந்தும். உங்கள் அம்மா சொன்ன அந்த இரண்டு வரியில் ஒரு ஆள் உயிரோடு இருக்கிறார்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்தை ஒட்டி வயதிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அவர் அடி வாங்கிய வருஷங்கள் அறுபதுகள். அரிசித் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலம். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற பேச்சு ஊர் ஊராக எடுபட்டதென்றால், அதற்கு முந்தைய இரண்டு மூன்று வருஷம் அடுப்படிகள் எப்படி இருந்திருக்க வேண்டும்? நெல் விளையும் டெல்டாவிலேயே அடுத்த அறுவடை வரை அளந்து அளந்து பொங்கிய வீடுகள் உண்டு.

என் பாட்டிக்கும் உங்கள் பாட்டிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஊர் திருவாரூர்ப் பக்கம். உழக்கில் அரிசியை அள்ளி, மேலே கூம்பி நிற்பதை உள்ளங்கையால் ஒரே வழிப்பாக வழித்துவிடுவார். வழித்தது மறுபடி பானைக்கே போகும். உலையில் போடுவதற்கு முன்னால் முறத்திலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருக்கும் சின்னக் கலயத்தில் போடுவார். மாசக் கடைசிக்கு அந்தப் பிடியரிசிதான். இதெல்லாம் என் பெரியம்மா சொல்லி எனக்குத் தெரியும். நான் கண்ட பாட்டி மூட்டையிலிருந்து முறத்தில் அப்படியே சரித்துக்கொண்டு போனவர். ஒரு தடவை நான் மூன்றாம் முறை சோறு கேட்டபோது பாட்டி சிரித்துக்கொண்டே போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "எங்களுக்கு அளந்து போட்ட கைதானே இது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாட்டி பதில் சொல்லாமல் பெரியம்மாவின் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தார்.

இன்னொன்றையும் விசாரியுங்கள். பாட்டி பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை? அந்தத் தலைமுறைப் பெண்களிடம் கேட்டால் இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்வார்கள். 1941க்கும் 1951க்கும் இடையில் இந்தியாவில் சராசரி ஆயுள் 32 வயதுதான். பெரியவர்கள் எல்லாரும் முப்பதில் செத்தார்கள் என்று பொருளில்லை. பிறந்த குழந்தைகள் அத்தனை பேர் போனார்கள். தங்காமல் போன பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர்களும் மலரில் வர வேண்டும் என்பது என் ஆசை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அம்மாவிடம் போய், "பாவம் பாட்டி, அந்தக் காலம் அப்படி" என்று சமாதானம் மட்டும் சொல்லாதீர்கள். வாங்கிய அடி அவருடையது. சாவன்று அழாததையும் குறையாக எண்ண வேண்டாம். நிறைவாழ்வு வாழ்ந்தவரைத் தப்படித்து ஆடி அனுப்பும் வழக்கம் எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில், அறுபது வயது மகளுக்கும் செத்தது தாய்தான் என்பது மறந்துபோகிறது. முன்பு மகள்கள் தாங்களே மாரடித்து ஒப்பாரி வைத்தபோது, பிறந்த வீட்டின் மேலிருந்த மனக்குறைகளும் அழுகையோடு சேர்ந்து வெளியே வரும். இப்போது மைக் பிடித்துப் பாட ஆள் வருகிறார்கள். மகள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

விவரம் சேகரிக்கும்போது வருஷத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். 1952 நவம்பர்க் கடைசியில் நாகப்பட்டினத்தில் புயல் அடித்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா? 1957இல் புதுக்காசு வந்தபோது மடியில் எந்தப் பிள்ளை? 77 புயலின்போது கூரை வீடா, ஓட்டு வீடா? "அப்போ உங்க அம்மா கைக்குழந்தை" என்று பதில் வரும். தேதியை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பாட்டியின் ஓரகத்தி யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். மகள் அடியைப் பார்த்தார், பேத்தி வடாத்தைப் பார்த்தீர்கள். ஓரகத்தி ஒரே அடுப்படியில் கூடவே நின்றவர். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். திதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட வேண்டாம், அவருக்கும் தொண்ணூறை ஒட்டி வயதிருக்கும்.