மழையில் இழைத்த கதவு

வணக்கம் ஐயா,

பெரம்பூரில் அப்பா கட்டிய பழைய வீட்டில் இருக்கிறோம். போன நவம்பர் மழையில் ஹால் கதவு மூட முடியாமல் இடித்தது. ஆசாரி "இதோ வரேன்" என்று மூன்று வாரம் இழுத்தார். வீடியோ பார்த்து நானே ஒரு இழைப்புளி வாங்கினேன். இடித்தது மேல் மூலையில்தான். ஆனால் ஆரம்பித்த வேகத்தில் தாழ்ப்பாள் பக்கம் முழுக்க இழைத்துவிட்டேன். பழைய பெயின்ட் அடுக்கடுக்காக இருந்ததால் உப்புத்தாள் போட்டும் தேய்த்தேன். கதவு மூடியது. இப்போது ஏப்ரலில் மேலே தீப்பெட்டி அட்டை நுழைகிற இடைவெளி, கீழே பென்சிலே நுழைகிறது. தாழ்ப்பாள் விழவில்லை, கீழ் மூலை இன்னமும் தரையை உரசுகிறது. "இது ஆசாரி வேலை, உனக்கெதுக்கு" என்கிறார்கள் வீட்டில். நான்கு வயது மகன் மட்டும் இழைத்த சுருள்களை டப்பாவில் போட்டு வைத்து விளையாடுகிறான். அடுத்து ஒரு புத்தக அலமாரி செய்ய ஆசை இருந்தது. விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம்,
பெரம்பூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். ஆனால் கதவைப் பற்றிப் பேசும் முன், அந்த டப்பாவை இன்றைக்கே பையனிடமிருந்து வாங்கிவிடுங்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன்னால் அடித்த எனாமல் பெயின்ட்டில் ஈயம் எவ்வளவு வேண்டுமானாலும் இருந்திருக்கலாம், உங்கள் அப்பா காலத்துக் கதவில் இருப்பது அந்த அடுக்குகள்தான். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே அதில் கிடையாது. சுருள்களைப் பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள். கதவோரம், ஜன்னல் விளிம்பு, சோபாவுக்கு அடியில் எல்லாம் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் போட்டுவிடுங்கள். துடைப்பம் போட்டால் தூசி மறுபடி மேலே கிளம்பும். அவனைப் பார்க்கும் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாமா என்று கேளுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டுவிடுவது நல்லது. இனி பழைய பெயின்ட்டைத் தேய்ப்பதென்றால் வாட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகவே தேயுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள், பையன் அன்றைக்குப் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

சரி, கதவுக்கு வருவோம்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மேல் மூலை இடித்தது, கீழ் மூலை தரையை உரசியது, இழைத்த பிறகும் உரசுகிறது என்கிறீர்கள். இது மேல் கீல் தளர்ந்த கதவு. மேல் கீலின் ஸ்க்ரூ பிடி விட்டதும் கதவின் மொத்த கனமும் அந்த மூலையை வெளியே இழுக்கிறது, அதனால் தாழ்ப்பாள் பக்க மேல் மூலை நிலையில் போய் இடிக்கும், கீழ் மூலை தரையில் உட்காரும். மழை ஈரத்தில் மரம் கொஞ்சம் ஊதியதும் உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே சாய்ந்திருந்த கதவைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். உங்களுடையது பலகை பதித்த சட்டக் கதவாக இருந்தால் (பழைய பெரம்பூர் வீடுகளில் பெரும்பாலும் அதுதான்) மழையில் அவ்வளவு ஊதவும் ஊதாது. மரம் நார் ஓடும் திசையில் கிட்டத்தட்ட நீளுவதே இல்லை, குறுக்கே மட்டும்தான் விரியும். அதனால்தான் அந்தக் காலத்து ஆசாரிகள் நடுப்பலகையைப் பசை போடாமல் காடிக்குள் (சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள்) சும்மா செருகி விடுவார்கள், பலகை உள்ளுக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். வெளியே அகலம் கூடுவது இரண்டு ஓரச் சட்டங்களின் அளவுக்குத்தான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், வீட்டு வேலையில் முக்கால் பங்கு இந்தக் கண்டுபிடிப்புதான் என்று நான் நம்புகிறேன். ஸ்க்ரூ முடுக்கியதைத் திரும்பக் கழற்றலாம், அட்டை வைத்ததை எடுத்துவிடலாம். இழைத்த மரத்தை ஒட்டித்தான் கொண்டுவர வேண்டும். எனவே மரத்தை எடுப்பது எப்போதும் கடைசி வேலை.

அடுத்த முறை எந்தக் கதவு இடித்தாலும் நிலையின் உள்பக்கம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுக் கதவை மூடித் திறந்து பாருங்கள். இடிக்கிற இடத்தில் மட்டும் கதவில் வெள்ளை ஒட்டியிருக்கும். அப்புறம் கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். மேல் கீல் ஆடினால் அங்கேயே நோய் தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: கதவுக்கு அடியில் மடித்த செய்தித்தாளைச் செருகி அதன் கனத்தைத் தாங்க வையுங்கள். மேல் கீலில் நிலைப் பக்க ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். ஓட்டை விரிந்து மாவாகியிருக்கும். ஊதுபத்திக் குச்சி அல்லது தீக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டை நிறைய இறுக்கி அடித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, துருத்திக்கொண்டிருப்பதை உளியால் சீவுங்கள். மெல்லிய டிரில் பிட்டால் வழி போட்டுவிட்டு, பழையதைவிட அரை அங்குலமாவது நீளமான ஸ்க்ரூவை முடுக்குங்கள். கீழ் மூலை தரையை விட்டு எழுந்துகொள்ளும். மேல் மூலை உள்ளே வரும், அதனால் மேலே இடைவெளி கொஞ்சம் கூடி, மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றாகும். அப்போதுதான் நீங்கள் உண்மையில் எவ்வளவு மரம் எடுத்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

இரண்டு மில்லிமீட்டர் அதிகம் என்றால், கீலுக்குப் பின்னால் கீலின் அளவுக்கே வெட்டிய அட்டையை வைத்து முடுக்கினால் போதும், கதவு தாழ்ப்பாள் பக்கம் நகரும். அதற்கு மேல் என்றால் கதவைக் கழற்றி, இழைத்த பக்கத்தை நேர்படுத்தி, ஐந்தாறு மில்லிமீட்டர் கனமுள்ள தேக்குப் பட்டையை ஒட்ட வேண்டும். கிளாம்ப் இல்லையென்றால் கதவைச் சுற்றி நான்கைந்து இடத்தில் கயிறு கட்டி, குச்சியை விட்டு முறுக்குங்கள், நன்றாகவே இறுகும். ஒரு ராத்திரி கழித்து அந்தப் பட்டையைத்தான் இழைக்க வேண்டும், கொஞ்சம் இழைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் இழைத்து. இந்தக் காய்ந்த மாதத்தில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், மழைக்கு அது வேண்டும். கதவைக் கழற்றியிருக்கும்போதே மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். யாரும் அங்கே பெயின்ட் அடிப்பதில்லை, ஈரம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. இரண்டு கை அடித்துவிடுங்கள்.

சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது, அந்த மூன்று மாதம் மரம் தன் இயல்பில் இருப்பதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு சைதாப்பேட்டைக்குள் வந்தபோது எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ப்ளைவுட் பீரோ அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. வாசல் தேக்குக் கதவு அசையவே இல்லை. அறுத்துவிடலாம் என்று ரம்பத்தை எடுத்தபோது பக்கத்துத் தெருவிலிருந்த வயதான ஆசாரி தடுத்தார். "பங்குனி வரைக்கும் தொடாதீங்க தம்பி, குடிச்ச தண்ணியை மரமே கக்கிடும்" என்றார். மூன்று மாதம் கதவுக்குப் பதிலாக ஒரு தகரத்தைச் சாத்தி வைத்திருந்தோம். பங்குனியில் கதவு மூடியது. ஒரே ஒரு இடத்தில் உப்புத்தாள் போட வேண்டியிருந்தது. அந்தத் தச்சரிடம்தான் உளி தீட்டவும் கற்றேன்.

"ஆசாரி வேலை" என்று வீட்டில் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆசாரிகளுக்கு இருக்கும் கை நமக்கு வர ஆண்டுகள் ஆகும். ஆனால் ஒரு கீலை முடுக்குவதற்கு ஆசாரிக்காக மூன்று வாரம் காத்துக் கிடப்பது அவருக்கும் நல்லதில்லை, கூலி கட்டுபடியாகாத வேலை அது, அதனால்தான் இழுக்கிறார். அவர் வரும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஆசையாகச் சொல்லித் தருவார்கள்.

அலமாரியைத் தாராளமாகச் செய்யுங்கள். நூறு சாமான் போட்ட கருவிப் பெட்டி வேண்டாம். டேப், மூலைமட்டம், ரசமட்டம், ஒரு ரம்பம், முக்கால் அங்குல உளி ஒன்று, அதைத் தீட்ட ஒரு சாணைக்கல், டிரில்லிங் மெஷின். இழைப்புளி ஏற்கெனவே இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் நடந்தால் எல்லாவற்றையும் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் கொடுப்போம், அது வழுக்கும்போதுதான் கையைக் கிழிக்கும். எனவே தீட்டக் கற்றுக்கொண்ட பிறகே மரத்தில் வையுங்கள், இரண்டு கையும் எப்போதும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும்.

ப்ளைவுட் எட்டுக்கு நாலு அடி ஷீட்டாக வரும். 18 மில்லிமீட்டர் போதும். ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரையும் பிடபிள்யூஆர் (கொதிநீரையும் தாங்கும் வகை) என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். புத்தக அலமாரிக்கு ஐஎஸ் 710 மரைன் ப்ளைவுட் வாங்கக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை. காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு போய்க் கடையிலேயே அறுத்து வாங்குங்கள், ஒவ்வொரு அறுப்புக்கும் பிளேடு மூன்று மில்லிமீட்டர் தின்னும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தட்டின் நீளத்தை இரண்டரை அடிக்குள் வையுங்கள். புத்தகம் நிறைந்த தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு பதினாறு மடங்காகும், ஐந்தடித் தட்டு போட்டு ஒரே வருஷத்தில் வாழையிலை மாதிரி வளைந்த அலமாரிகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் ஓர் அங்குலம் தள்ளி வையுங்கள், காற்றும் போகும், கரையான் மண்பாதை போட்டால் கண்ணுக்கும் தெரியும்.

சுவரில் பிடிக்க ஓட்டை போடுவீர்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் போடாதீர்கள், ஒயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும். மெயினை அணைத்துவிட்டே ஓட்டை போடுங்கள், அணைத்தால் அடுத்த அறையிலும் கரன்ட் இருக்காது, அதனால் பேட்டரி டிரில் இரவல் வாங்குங்கள். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதில் ஓட்டை போடவோ அறுக்கவோ கூடாது, அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது.

கீலைச் சரிசெய்தவுடன் ஒரு காரியம் செய்யுங்கள். தாழ்ப்பாள் பக்கம் மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் இடைவெளியை அளந்து, நிலையின் உள்பக்கம் பென்சிலால் தேதியோடு எழுதி வையுங்கள். நவம்பரில் மறுபடி அளந்து அதற்குக் கீழே எழுதுங்கள். எங்கள் சைதாப்பேட்டைக் கதவில் 2016-லிருந்து அப்படி ஒரு வரிசை இருக்கிறது. உங்கள் நவம்பர் அளவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், பட்டையை இன்னும் இழைக்க வேண்டுமா என்று அப்போது சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்.